சாம்பிக்கு முள் முளைத்தது

அந்தக் காலத்தில் கோழி, பூனை, சூரியன் எல்லாமே வாய் திறந்து பேசும். சூரியனுக்கு மட்டும் தானாக விழிப்பு வராது. சேவல் கூவினால்தான் எழுந்து வரும். அதற்குக் கூலியாகத்தான் சேவலுக்குச் சிவந்த கொண்டையும் காலில் முள்ளும் கொடுத்திருந்தது.

நரிப்பாறை என்ற ஊரில் ஒரு வருடம் மழையே இல்லை. "மழையை இறக்கு சாமி, எங்க வீட்டுச் சேவலை உனக்கு அறுக்கிறோம்" என்று வீட்டுக்கு வீடு கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நேர்ந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை கொட்டியது. சாமி காரியத்தைத் தள்ளிப்போட முடியுமா? ஊரிலிருந்த சேவல் அத்தனையும் ஒரே நாளில் கோயில் வாசலில் அறுபட்டன. தெருவெல்லாம் குழம்பு மணந்தது. நாளைக்குக் கூவ ஒரு சேவல் வேண்டுமே என்று அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடியவில்லை. ஜனங்கள் புரண்டு படுத்தார்கள். ஒச்சாயி வீட்டுக் கொல்லையில் சாம்பி என்ற சாம்பல் நிறப் பெட்டைக்குத்தான் தூக்கம் போயிற்று. அதன் இறக்கைக்குள் குஞ்சுகள். வேலியோரம் காட்டுப்பூனை. ஏற்கெனவே ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது.

"எனக்கு அவசரமே இல்ல" என்றது பூனை. "இனி எப்பவும் இருட்டுதான். ஒவ்வொண்ணா தின்னுக்கிறேன்."

சாம்பி கழுத்தை நிமிர்த்தியது. "நான் கூவப் போறேன்" என்றது.

மற்றப் பெட்டைகள் பதறின. "அடியே, பெட்டை கூவுனா வீட்டுக்கு ஆகாதுன்னு கழுத்தைத் திருகிப்புடுவாகடி!"

"திருகுறதுக்கும் வெளிச்சம் வேணும்ல? முதல்ல விடியட்டும்."

குஞ்சுகளை அந்தப் பெட்டைகளிடம் விட்டுவிட்டு சாம்பி கூரைமேல் ஏறிக் கூவியது. கரகரவென்று என்னவோ ஒரு சத்தம் வந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் ஒரு கண்ணைத் திறந்தது.

"யாரது? புதுக் குரலா இருக்கு."

"ஒச்சாயி வீட்டுச் சாம்பி. எந்திரிச்சு வா."

"பெட்டையா? உன் குரலுக்குக் கண்ணுதான் திறக்குது, உடம்பு எழ மாட்டேங்குது. கொண்டையும் முள்ளும் தாரேன், குரல் தானா வரும். ஆனா அதோட உனக்கு முட்டை நின்னுபோகும். இனி அடை கிடையாது, குஞ்சு கிடையாது. யோசிச்சுச் சொல்லு."

முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கொக்கரிப்பதில் சாம்பிக்கு எத்தனை பெருமை! இனி அது இல்லை. அப்போது கீழே ஒரு குஞ்சு கீச்சிட்டது.

"இருக்கிறதைக் காப்பாத்தாம, பொறக்கப் போறதுக்கா அழுவேன்? குடு."

கொண்டை சிவந்தது. காலில் முள் முளைத்தது. வாலில் இறகு வளைந்தது. சாம்பி கூவிய கூவலில் சூரியன் அலறியடித்து எழுந்தது. கண் கூசிய பூனை வேலியைத் தாண்டி ஓடியேவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பூசாரி மொக்கையன் மூச்சிரைக்க வந்தார். "ஒச்சாயி, உன் பெட்டை கூவியிருக்கு. ஊருக்கே ஆகாது, திருகு கழுத்தை! பெட்டை கூவிப் பொழுது விடியுமா?"

ஒச்சாயி வெளிச்சத்தையும் பார்த்தாள், கூரைமேல் நின்ற சாம்பியையும் பார்த்தாள்.

"விடிஞ்சதாலதான பூசாரியண்ணே, நீங்க வழி தெரிஞ்சு வந்தீக?"

அவர் வந்த வழியே திரும்பினார். ஒச்சாயி ஒரு கை கம்பை அள்ளி சாம்பிக்கு இறைத்தாள்.

அன்று முதல்தான், சேவல் இல்லாத கொல்லையில் சில சமயம் ஒரு பெட்டைக்குக் கொண்டை சிவக்கிறது, முள் முளைக்கிறது. முட்டையை நிறுத்திவிட்டு அது கூவுகிறது. "பெட்டை கூவிப் பொழுது விடியுமா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். வெயிலில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள்.