வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?

முதலில் வம்புக்கு வந்தவன் அருள்தாஸ். பின்னால் யார் எப்படித் திரித்துச் சொன்னாலும் சரி, ஆரம்பித்தவன் அவன்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியின் முதுகில் சிவப்பு எழுத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு ஊரை மிரட்டுகிறவன்.

துரைக்கண்ணு தங்கசாலைத் தெரு முனையில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். கூரியர் கம்பெனி வேலை. தோளில் தபால் பை. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

அருள்தாஸின் வண்டி அவர் முழங்காலை உரசிக்கொண்டு கிறீச்சென்று நின்றது. நிறுத்தியவன் மன்னிப்புக் கேட்டானா? தலையை வெளியே நீட்டினான்.

“யோவ் பெருசு! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

வண்டி நிறைய இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கத்திச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

அன்றைக்கு அதோடு விட்டதா? அடுத்த கட்டடத்தில் வாட்ச்மேன், “கூரியரெல்லாம் படியில போ” என்றான். லிஃப்டில் ஒரு நாய்க்குட்டி ஏறிப் போனது. மூச்சு வாங்க மேலே போனால், கையெழுத்துப் போட அவர் கொடுத்த பேனாவை ஒருவன் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினான். இவர்களை எல்லாம் அவர் பிறகு பார்த்துக்கொள்வார். ஒருவரையும் மறக்கிற ஆள் இல்லை. ஆனால் அருள்தாஸுக்குத்தான் முதல் இடம்.

சாயங்காலம் நேராக மடத்துக்குப் போனார். ஏழுகிணறு பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன மடம் அது. மடத்தைப் பார்த்துக்கொள்ளும் வடிவாம்பாள் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் துரைக்கண்ணு அவருக்குச் சீடர். இந்தப் பட்டணத்தில் அவர் பேச்சைக் கடைசிவரை கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.

அம்மா பழைய வேட்டியைக் கிழித்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மனசை அடக்க வழி கேட்டு இத்தனை நாள் வந்தேன். இன்னிக்கு வேற கேக்குறேன். அவனை எப்படி அடக்குறது?”

“யாரை?”

சொன்னார். பச்சை விளக்கை இரண்டு தடவை சொன்னார்.

“அவன் என்ன கேட்டான்?”

“கேட்டானா? திட்டினாம்மா!”

“கேள்வி மாதிரி இருக்கே.”

“மெட்ராஸ்ல இதுக்கு அர்த்தம் தெரியாத ஆளு உண்டா? சாவப்போற, வூட்ல கடைசியா சொல்லிக்கினு வந்துட்டியான்னு அர்த்தம்.”

“சரி. சொல்லிட்டுத்தான் போனீங்களா?”

துரைக்கண்ணு எழுந்துவிட்டார். “நீங்களும் அவன் கட்சியா?”

அம்மா திரியைத் திரித்தபடி இருந்தார்.

“பொண்டாட்டி கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?” என்றார் துரைக்கண்ணு. “என் சைக்கிளை என்னைக் கேக்காம தூக்கி அவ தம்பிக்குக் குடுத்தா. அந்த சைக்கிள் இருந்தா நான் ஏன் ரோட்ல நடக்குறேன்? ஏன் இவன் கையில மாட்டுறேன்? அன்னிலேருந்து போறேன்னும் சொல்றதில்ல, வரேன்னும் சொல்றதில்ல. அவ டிபன் பாக்ஸை வாசப்படியில வைப்பா. நான் எடுத்துக்கினு போய்டுவேன்.”

“அப்போ அவன் கேட்டதுக்கு உங்ககிட்ட பதில் இல்லை.”

“இருக்கு! சொல்லிட்டுத்தான்டா வந்தேன், உன் வேலையைப் பாருடான்னு சொல்லியிருப்பேன்.”

“பொய்யாவா?”

துரைக்கண்ணு மறுபடி உட்கார்ந்தார். அவர் சண்டைக்காரர். பொய்க்காரர் இல்லை.

“நாளைக்கும் அந்த வழியாத்தானே போவீங்க?” என்றார் அம்மா. “கேட்டா, உண்மையா பதில் சொல்லுங்க.”

ராத்திரி முழுக்கப் புரண்டார். பெண்டாட்டி பட்டம்மாளிடம் தோற்க வேண்டும். தோற்றால்தான் அருள்தாஸை ஜெயிக்கலாம். இது என்ன அநியாயம்!

காலையில் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார். செருப்பை மாட்டினார். கழற்றி மறுபடி மாட்டினார். பட்டம்மாள் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைப் பார்த்துச் சொன்னார்.

“போய்ட்டு வரேன்.”

பாத்திரச் சத்தம் நின்றது.

“யார் கிட்டய்யா சொல்ற?”

“வூட்டாண்ட.”

பட்டம்மாள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“வூடு சரின்னு சொல்லுது. மழை வர மாதிரி இருக்காம், கொடையை எடுத்துக்கினு போவச் சொல்லுது.”

குடையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதற்காக அவளை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது.

தங்கசாலை முனையில் காத்து நின்றார். எத்தனையோ வண்டிகள் போயின. சிவப்பு எழுத்து தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். அருள்தாஸ் தூரத்திலேயே வண்டியை மெதுவாக்கி நிறுத்தினான். கையை ஆட்டினான்.

“போ பெருசு, பாத்துப் போ.”

துரைக்கண்ணு நடுரோட்டில் நின்றார். “கேளுடா!”

“இன்னாத்த கேக்கணும்?”

“நேத்து கேட்டியே, அதைக் கேளு! பதில் வெச்சினு இருக்கேன்!”

“நேத்தா? நேத்து யாரை இன்னாய்யா கேட்டேன்? தெனம் நூறு பேராண்ட கத்துறேன்.” வண்டிக்குள் திரும்பினான். “இன்னாம்மா, பெருசு காலங்காத்தால மெர்சலாவுது.”

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரோ ஒருவர் அவரைக் கைப்பிடித்து ஓரத்துக்கு அழைத்துப் போனார். அந்தக் கையை உதறினார்.

சாயங்காலம் மடத்துக்குள் நுழையும்போதே கத்தினார். “மறந்துட்டாம்மா! என் மானத்தை வாங்கினவன், ஒரே ராத்திரியில மறந்துட்டான்! அவனுக்காக நான் வூட்ல வாய் திறந்தேன். பட்டம்மா கிட்ட தோத்தேன். அவன் கேக்கவே இல்ல!”

“பட்டம்மா என்ன சொன்னாங்க?”

“அதை வுடுங்க. கொடை எடுத்துக்கினு போவச் சொன்னா. மத்தியானம் பாக்ஸைத் திறந்தா கருவாட்டுத் தொக்கு இருக்கு. அதுவா இப்போ முக்கியம்? அவன் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேக்குறதும் பாக்கி. ரெண்டும் வராம நான் அவனை வுடப்போறதில்ல.”

“விடாதீங்க” என்றார் அம்மா.

துரைக்கண்ணு திகைத்துப் பார்த்தார்.

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் மூலையில் வீசியிருந்த குடையை அம்மா எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஆனா தினமும் வீட்ல சொல்லிட்டுப் போங்க. என்னைக்குக் கேப்பானோ.”