முகில்பூவின் காலடியில் கல்

அந்தக் காலத்தில், செடிகொடிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாட்களில், முகில்பூ மலையுச்சியில் மட்டுமே வளர்ந்தது. ஆளுயரத் தண்டு, நுனி நிறைய நீலப் பூ.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் விடாமல் மழை பெய்து உச்சிச் சரிவே பெயர்ந்து விழுந்தது. விறகுக்குப் போன நஞ்சிக்குச் சேற்றுக்குள் முனகல் கேட்டது. தோண்டினாள். முகில்பூவின் கிழங்கு ஒன்று கிடந்தது.

"என் இனத்தில் நான் மட்டும்தான் மிச்சம் அம்மா. மேலே கொண்டுபோய் விடு" என்றது.

"மேலே மண்ணே இல்லையே. என் தோட்டத்துக்கு வா."

நல்ல சாணமண்ணில் நட்டாள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். முளைத்த இலைகளோ மஞ்சளாகிச் சுருண்டன.

பக்கத்துத் தோட்டத்துப் போஜன் எட்டிப் பார்த்தார். "சேப்பங்கிழங்கு போடுற இடத்தை ஏன் பாழாக்குறே? பிடுங்கிப் போடு, நஞ்சி!"

நஞ்சி செடியின் அருகே குனிந்தாள். "உனக்கு என்னதான் குறை?"

"தலைக்கு வெயில் போதும். காலுக்குக் குளிர்ச்சி வேண்டும். இந்தக் கொழுத்த மண்ணில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. நான் கல்லிடுக்கில் பிறந்தவள்."

கைக்கெட்டும் தூரத்தில் கல்லென்று இருந்தது தோட்டத்துச் சுற்றுச்சுவர் ஒன்றுதான். நஞ்சி அதைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"காட்டுப்பன்றி உள்ளே வந்துடுமே!" என்று போஜன் கத்தினார்.

"வரட்டும் மாமா. கிழங்கு போனால் அடுத்த வருஷம் நட்டுக்கலாம். இது போனால் எங்கே தேடுவேன்?"

சாணமண்ணை வாரிக் கொட்டிவிட்டு, குழி நிறையக் கல் பரப்பி, இடுக்கில் கொஞ்சம் மண் தூவிச் செடியை நட்டு, தண்டைச் சுற்றியும் கல் அடுக்கினாள். பன்றிகள் வந்து சேப்பங்கிழங்கு முழுவதையும் தின்று தீர்த்தன. நஞ்சி அந்தக் குளிர்காலத்தைக் கீரையும் களியுமாகக் கழித்தாள். உறைபனியில் செடி மண்ணோடு மறைந்தது. அவள் கல்லை அசைக்கவில்லை.

சித்திரையில் ஒரு முளை எழுந்தது. முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தாண்டியது, ஆனியில் கூரையையும் மிஞ்சி நின்று நீலமாய்ப் பூத்தது! தேனீக்கள் திரண்டு வந்தன. ஊரே கூடியது. அண்ணாந்து பார்த்த போஜனின் தலைப்பாகை பின்னால் விழுந்தது.

"எனக்கும் நாலு விதை தருவியா, நஞ்சி?"

நஞ்சி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "தாராளமா! முதல்ல போய்க் கல் சுமந்துட்டு வாங்க, மாமா."

அன்று முதல்தான் அந்த மலைக்காரர்கள் முகில்பூ நடும்போது மண்ணுக்கு முன்னால் கல் இடுகிறார்கள். அந்தப் பூவும் வீட்டுக் கூரைக்கு மேலே தலைநிமிர்ந்து பூக்கிறது.