படத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

குரு மெஹருன்னிசா, திருநெல்வேலியில் செயலி வடிவமைக்கச் சொல்லிக்கொடுப்பவர். சீடர் அருளப்பன், இருபத்தாறு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்று முழங்கால் தேய்ந்தவர். ஒவ்வொரு நடை முடிந்ததும் தாளில் கையெழுத்துப் போட்ட பழக்கம் அவரை விடவில்லை. வகுப்பில் எதைக் கிறுக்கினாலும் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அன்று ஹேக்கத்தான் என்ற போட்டி. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்குள் ஒரு செயலியைச் செய்து காட்ட வேண்டும். அருளப்பனின் குழுவில் அவரோடு படிக்கும் சுடலைமுத்துவும் ஷெரினும் இருந்தார்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு செயலி என்று முடிவானது. அது அருளப்பனின் ஆசை. "இது எங்க போகுது சாமி?" என்று படிக்கட்டில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் விசிலடித்துவிட்ட நாட்கள் அவர் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தன.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் நொண்டிக்கொண்டே குருவிடம் வந்தார்.

"டீச்சர், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க. சுடலை போறேன்னு பையைத் தூக்கிட்டான்."

"ஏன்?"

"திறந்ததும் படம் வரணும்ங்கேன் நான். ஆஸ்பத்திரிப் படம், சந்தைப் படம். போற இடத்தைத் தொட்டாப் போதும். அவன் படமே வேண்டாங்கான். போனை பஸ்ஸுக்கு நேரா பிடிச்சா, அது போர்டை வாசிச்சுச் சொல்லணுமாம். மூணு மணி நேரமா இதே சண்டை."

"ஷெரின் என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லலையே."

"கேட்டீங்களா?"

அருளப்பன் கூரையைப் பார்த்தார்.

"சரி, சுடலை போனாப் போகட்டும். நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீங்க! எனக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். போட்டி போனாப் போகுது. அவன் கோவிச்சுட்டுப் போகக் கூடாது."

குரு சிரித்தார். இந்த மாணவரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மறைக்கவும் தெரியாது.

எழுந்து அவர்கள் மேசைக்குப் போனார். சுடலை பையை மாட்டிக்கொண்டு வாசலருகே நின்றான். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்றின் கீழே அருளப்பனின் கையெழுத்து. குரு அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கால் மணி நேரம் குஞ்சை மாத்திக்கிடுங்க. அண்ணாச்சி, நீங்க சுடலை சொன்னதை வரையுங்க. சுடலை, நீ அண்ணாச்சி சொன்னதை வரை. கடனேன்னு செய்யக் கூடாது. நல்லா வரணும்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அருளப்பன் வேண்டாவெறுப்பாகப் பென்சிலை எடுத்தார். ஒரு போன் வரைந்தார். ஒரு பஸ் வரைந்தார். கை நின்றது. பஸ் நிற்பதே பதினைந்து வினாடி. ஏற நிற்பவளுக்கு ஒரு கையில் பை, இடுப்பில் பிள்ளை. சின்னப் பொத்தானை எங்கே தேடுவாள்? திரை முழுவதையும் ஒரே பொத்தானாக வரைந்தார். எங்கே தொட்டாலும் போர்டை வாசிக்கும். வரைய வரைய அவருக்கு அது பிடித்துப்போனது.

எதிரே சுடலை பையை இறக்கி வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, சந்தைன்னா தக்காளி போடவா?"

"வாழைத்தார் போடுல. தூரத்துலயே தெரியும்."

கால் மணி நேரம் முடிந்தது. சண்டை மறுபடி ஆரம்பித்தது.

"உன் யோசனைதான்ல சரி. பஸ் வந்து நிக்கும்போது எவன் படத்தைத் தேடுவான்?"

"இல்ல அண்ணாச்சி, உங்களுதுதான் சரி. போர்டு முழுசையும் வாசிக்கதுக்குள்ள பஸ் போயிரும். போற இடத்தை முதல்லயே தொட்டிருந்தா, 'ஏறலாம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அருளப்பன் இந்தத் தடவை மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். "ஷெரின், நீ என்னம்மா சொல்லுதே?"

"பஸ் வர்றதுக்கு முன்னாடி படம். வந்த பிறகு கேமரா. காலையிலயே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டாத்தானே!"

இருவரும் அசடு வழிந்தார்கள்.

நாலரை மணிக்கு அருளப்பன் வாழைத்தார் படத்தைத் தொட்டார். ஷெரின் ஒரு அட்டையில் ஊர்ப்பெயர் எழுதி பஸ் போர்டு மாதிரி பிடித்தாள். போன் சத்தமாக "ஏறலாம்" என்றது. படிக்கட்டில் பதில் கிடைக்காமல் நின்ற முகங்கள் ஞாபகம் வந்து, அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுடலை அவர் தோளில் கை போட்டுக்கொண்டான்.

செயலியோடு ஒரு படிவமும் கொடுக்க வேண்டும். அதில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம், கீழே கையெழுத்துக்கு இடம். அருளப்பன் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. படிவத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு பேர்தான் எழுத இடம் இருக்கு. முழுத் திரையும் பொத்தான்னு வரைஞ்சது நான். ஆனா அது சுடலை யோசனை. 'ஏறலாம்'னு சொன்னது அவன். ஆனா அது என் படத்துலருந்து வந்தது. ரெண்டையும் சேத்தது ஷெரின். இது யாருதுன்னே எனக்குத் தெரியலை."

குரு பகலில் மடித்து வைத்த தாளை விரித்து, அதிலிருந்த கையெழுத்தைக் காட்டினார்.

"காலையில யாருதுன்னு நல்லாத் தெரிஞ்சுதே, அண்ணாச்சி. அப்போ செயலிதான் இல்ல."