இரண்டடிச் சந்து

ஆக்னஸ் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். சூசைராஜ் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அரசாங்கத்தில் வரைவாளராக முப்பது வருஷம் கோடு இழுத்துவிட்டு, வீடு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தவர்.

ஒரு காலை, மாடியிலிருந்த அலுவலகத்துக்கு ஜெசிந்தா கைக்குழந்தையோடு வந்தாள். அவளுடைய மனை ஒடுக்கமானது. சட்டப்படி பக்கவாட்டில் ஐந்து அடி காலியாக விட்டால், மாடியறையில் கட்டில் மட்டும்தான் கொள்ளும்.

"தொட்டிலும் அதே அறையில வேணும் மேடம். ராத்திரி பிள்ளை மூச்சு விடுறது எனக்குக் கேக்கணும். அடுத்த அறையில போட்டா நான் தூங்கவே மாட்டேன்."

"சுவரை மூணு அடி தள்ளினா ரெண்டும் கொள்ளும்," என்றார் சூசைராஜ். "அப்ரூவலுக்கு ஒரு பிளான், கொத்தனாருக்கு ஒரு பிளான். ஊர்ல எல்லாரும் செய்றதுதான்."

ஆக்னஸ் தலையாட்டி மறுத்தாள்.

"என்ன மேடம், ஆபீசர் டேப்பைப் பிடிச்சிட்டு வந்துருவாரா? அவரு ஜீப்பை விட்டே இறங்க மாட்டாரு."

ஜெசிந்தா சிரித்தாள். ஆக்னசும் சிரித்தாள்.

"மூணு அடியில அப்படி என்னதான் இருக்கு? சொல்லுங்க, கத்துக்கிறேன்."

"கீழே ஏணி கிடக்கு அண்ணே. எடுத்து இந்த ஜன்னலுக்குச் சாத்துங்க."

அந்தக் கட்டடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்தது இரண்டடிச் சந்து. சூசைராஜ் கீழே போய் ஏணியைச் சாய்க்கப் பார்த்தார். சாய இடமில்லை. நெட்டுக்குத்தாக நின்றது. நாலு படி ஏறினார். ஏணி அவரோடு பின்னால் வந்தது. முதுகு எதிர்ச்சுவரில் உரசிச் சட்டை கிழிந்தது.

ஆக்னஸ் குழந்தையின் துண்டை வாங்கிச் சுருட்டினாள். கம்பியில்லாத ஜன்னல் வழியே கீழே நீட்டினாள்.

"இதை வாங்கிட்டு இறங்குங்க."

"கையை விட்டா விழுந்துருவேன்."

"துண்டுதானே அண்ணே."

ஜெசிந்தா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சூசைராஜ் மெல்ல இறங்கி, முதுகைத் தடவியபடி அண்ணாந்து பார்த்தார்.

"எதுக்கு மேடம் இந்தக் கூத்து? படிக்கட்டு இருக்கு. பிள்ளையை அது வழியா தூக்கிட்டு வந்தா ஆகாதா?"

"படிக்கட்டுலதான் தீன்னு வைங்க, அண்ணே."