சேலைக் கடையில் எடை மெஷின்

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்தக் கடையில் வேலை பார்த்த ஒருவர் சொல்லிக் கேட்டது.

முதலாளி தனபாலன் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்: "குண்டா இருந்தா கடைக்குக் கெட்ட பேரு. வியாழக்கிழமை எடை பாப்பேன். எழுபது கிலோவுக்கு மேல போனா வேலை கிடையாது."

வியாழக்கிழமை கடை நடுவில் மெஷின் வந்தது. சேலைப் பிரிவுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் முத்துப்பேச்சி, எண்பத்திரண்டு கிலோ இருப்பாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சேலை எடுக்க வந்தவர்களும் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏறு."

"ஏறுதேன் மொதலாளி. ஒரு யோசனை. கடைக்குக் கெட்ட பேருன்னா, சேலை எடுக்க வாறவுகளையும் ஏத்திப் பாத்துத்தான உள்ள விடணும்?"

"கிறுக்கச்சி! அப்புறம் ஒருத்தியாவது வருவாளா?"

"ஏன் மொதலாளி வர மாட்டாக?"

"நாலு பேர் முன்னால எடை போட்டா மானம் போகாதா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பருத்த அம்மாள் ஒருத்தி கையிலிருந்த பட்டுச்சேலையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"மெஷினத் தூக்கிட்டுப் போங்கடா" என்றார் முதலாளி. யார் வேலையும் போகவில்லை.

பிறகு நான் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. வரிசையில் இரண்டாவதாக நின்ற பெண், பயத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. அவள் எடை ஐம்பத்தொரு கிலோ.