மின்னலோலையைத் தொடாமல் சோதித்த கதை

தென்பாங்கு நாட்டில் ராஜாவும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. "ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர்?" என்று கேட்க நினைப்பவர்கள் கதை முடிந்ததும் கேளுங்கள். நடுவில் கேட்டால் எனக்குக் கதை மறந்துபோகும்.

அந்த நாட்டில் முப்பத்திரண்டு அரசாங்க அலுவலகங்கள். ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கிறது என்று ஓர் அலுவலகம் கடிதம் போட்டால், அடுத்த தெரு அலுவலகத்துக்கு அது போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கரையே உடைந்துவிடும். ஆகவே எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே மென்பொருளை வாங்கி, ஒன்றோடொன்று இணைத்துவிடுவது என்று ராஜா மகிழேந்திரர் தீர்மானித்தார்.

போட்டிக்கு இரண்டு மென்பொருள்கள் வந்தன. ஒன்று, வணிகர் சோலைமலையின் 'மின்னலோலை'. மற்றது, மலையடிவாரத்து அங்கம்மாள் எழுதிய 'நடைவண்டி'. பெயரைக் கேட்டதுமே சபை சிரித்தது. மந்திரி திருமலைக்கொழுந்து சிரித்த சிரிப்பில் தலைப்பாகையே அவிழ்ந்துவிட்டது. அவருக்கு மின்னலோலைமேல் கொள்ளைப் பிரியம். சோலைமலை தம் மச்சினன் என்பதற்காக அல்ல என்று, யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்னலோலையைச் சபையில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு மூலையில் குமாஸ்தா கடிதம் தட்டினார். மறு மூலையில் ராஜாவின் திரையில் அது வந்து நின்றது. சபை கைதட்டியது. அவையின் சாதுரியக்காரி வடிவுடையாள் மட்டும் தட்டவில்லை.

"என்ன வடிவு, கை வலியா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா. குமாஸ்தா இன்னும் பாதிக் கடிதம்தான் அடித்திருக்கிறார். இங்கே முழுக் கடிதமும் வந்துவிட்டதே!"

"அதற்குப் பெயர்தான் அம்மணி, வேகம்!" என்றார் மந்திரி.

"அப்படியானால் நானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்கிறேன்."

சோலைமலை குறுக்கே பாய்ந்தார். "பார்க்கலாம் அம்மா, தொடக் கூடாது. தொட்டால் வாங்கிவிட்டதாக அர்த்தம். நிபந்தனைப் பத்திரத்தில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மந்திரியாரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

ராஜாவுக்குச் சாப்பாட்டு நேரம். பசி வந்தால் அவருக்குப் பொறுமை போய்விடும். "வடிவு, நாளை உச்சிவேளை மணிக்குள் இதைத் தொடாமலே சோதித்துச் சொல். முடியாவிட்டால், வீண் சந்தேகம் கிளப்பியதற்கு எல்லைப்புற மாட்டுப்பட்டிக்குக் காவலாகப் போய்விடு."

ஊரையே வாயால் மடக்குகிற வடிவுடையாள், மாட்டைக் கண்டால் மட்டும் அடுத்த தெருவழியாகப் போவாள். இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு கடிதம் போகட்டும். 'முதலில் சம்மதம் தெரிவிப்பவருக்கே முப்பத்திரண்டு அலுவலக வேலையும்.' மின்னலோலை வழியாகச் சோலைமலையின் கடைக்கு, நடைவண்டி வழியாக அங்கம்மாளின் வீட்டுக்கு. அவரவர் ஆட்களே அனுப்பட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்."

இது ஒரு சோதனையா என்று மந்திரிக்குச் சிரிப்பு வந்தது. மச்சினனைத் தனியே அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். கடிதங்கள் கிளம்பின.

மறுநாள் உச்சிவேளைக்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. சோலைமலை மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் ஒரு காகிதம், அதில் காயாத முத்திரை.

"சம்மதம் மகாராஜா! முதல் ஆள் நான்தான்!"

"அம்மணிக்கு மாட்டுப்பட்டிக்கு வண்டி கட்டுங்கள்!" என்று கூவினார் மந்திரி.

"வண்டி இருக்கட்டும்" என்றாள் வடிவுடையாள். "ஐயா, உங்கள் கடை இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"மூன்று காதம். நேரிலேயே வந்துவிடு என்று மந்திரியார் சொன்னார், கடைக்குப் போன கையோடு நேற்று இரவே கிளம்பிவிட்டேன்."

"கையில் என்ன காகிதம்?"

"நேற்று அனுப்பிய கடிதம்தான். வரும் வழியில் அதை அனுப்பிய அலுவலகத்தில் நுழைந்து, அச்செடுத்து, முத்திரை போட்டு வாங்கிவந்தேன். கையில் வாங்கினால்தானே வாங்கினது!"

சபை முழுவதும் தலையாட்டியது. அந்த நாட்டு வழக்கம் அது.

"கடையில் உட்கார்ந்தபடியே உங்கள் மின்னலோலையில் பார்த்துச் சம்மதம் அனுப்பியிருக்கலாமே?"

"நன்றாயிருக்கிறதே! அதில் வரும் என்று காத்திருந்தால் வேலை கைநழுவிப் போய்விடாதா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மகாராஜா, நான் தொடவே இல்லை" என்றாள் வடிவுடையாள். "செய்தவரே சோதித்துச் சொல்லிவிட்டார். அவர் கையில் இருப்பதுதான் மதிப்பீட்டு அறிக்கை. முத்திரைகூட இருக்கிறது."

ராஜா மீசைக்குள் சிரித்தார். "அதுசரி, அந்த அங்கம்மாள் வரவே இல்லையே?"

"ஆள் எதற்கு? நடைவண்டியின் திரையைப் பாருங்கள்."

அங்கம்மாளின் பதில் நேற்று மாலையே வந்து கிடந்தது. யாரும் அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. ராஜா உரக்கப் படித்தார்: "சம்மதம். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். அலுவலகங்களில் எலி கேபிளைக் கடித்த இடங்களை மட்டும் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். நடைவண்டிக்கு அங்கேயே உத்தரவானது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வடிவுடையாளுக்குப் போட்டார். பிறகு மந்திரி பக்கம் திரும்பினார்.

"கட்டிய வண்டி சும்மா போகக் கூடாது. நீர் கிளம்பும், மாட்டுப்பட்டிக்கு."

மந்திரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மகாராஜா, எனக்கு மாடென்றால் பயம்!"

வடிவுடையாளுக்கு இரக்கமாகிவிட்டது. அந்தப் பயம் என்னவென்று அவளுக்குத்தானே தெரியும். "மகாராஜா, உத்தரவு உத்தரவாகவே இருக்கட்டும். ஆனால் அதை அவருக்கு மின்னலோலையில் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் அவர் கிளம்பட்டும்."

அப்படியே சோலைமலையின் ஆட்களை விட்டு அனுப்பினார்கள். மந்திரி இன்னும் தலைநகரில்தான் இருக்கிறார். மின்னலோலையைப் போல ஒரு மென்பொருள் உண்டா என்று தினமும் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.