போட்டோவுக்குக் கீழே நின்ற கார்

மாசானமுத்து அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டார். நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், நடக்காததை அப்படியே சொல்வார். அம்பாசமுத்திரத்தில் அவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் என்னுடைய ஜெராக்ஸ் கடையும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. அது என் தோள் உயரம்தான் என்பதால் பதினோரு வருஷமாக அவர் சொன்னது எதுவும் என் காதுக்குத் தப்பியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்று மணி வெயிலில் பேச்சியக்கா ஒரு ஆட்டோவில் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். அக்கா வரன் பார்த்துக் கொடுக்கிறவள். ஊரில் உள்ள அத்தனை கல்யாண வயசுப் பிள்ளைகளின் போட்டோவும் ஜாதகமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. முகம் வாடிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, என் பொழப்புல மண்ணு விழப் போகுது. போன வெள்ளிக்கிழமை தங்கப்பழத்தம்மா அவ மகன் வெயிலுமுத்துக்குப் பொண்ணு பாக்க வந்தா. ஆவுடைச்செல்வி போட்டோவத் தொறந்து காமிச்சேன். அந்த நேரம் பாத்து போட்டோவுக்குக் கீழ ஒரு செவப்புக் காரு வந்து நிக்கி. 'வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு கார்!'னு தமிழ்லயே எழுதியிருக்கு. அந்தம்மா எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டா. பொண்ணு வீட்டுல காரு போடுதாகன்னு தெரு பூராவும் சொல்லிட்டா."

"ஆவுடைச்செல்வி அப்பா யாரு, நம்ம சைக்கிள் கடை நல்லகண்ணா?" என்று கேட்டார் பலவேசம். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்.

"அவரேதான். பஞ்சர் ஒட்டுத மனுசன் காருக்கு எங்க போவாரு? பிள்ளைக ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு புடிச்சுப் போச்சு. அந்தப் பொண்ணு நேத்து வந்து அழுதுட்டுப் போனா. நாலு மணிக்கு அந்தம்மாவ இங்கன வரச் சொல்லியிருக்கேன். சரிப்பட்டா ரெண்டு ஜாதகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கணும். காரு இல்லேன்னா ஜாதகத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவேங்கா. அதான் அண்ணாச்சி, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

அண்ணாச்சி கையை உயர்த்தினார். அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இதுக்குப் பேரு ஆட்வேரு. விளம்பரம் காட்டுத பேய். இதைவிடப் பெருசெல்லாம் நான் புடிச்சிருக்கேன், உக்காருங்க." கம்ப்யூட்டரைத் தூக்கி மேஜையில் வைத்து வயர்களை மாட்டினார். வாய் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

"கடையம் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லு. முதலாளி பேரு வேண்டாம், மரியாதப்பட்டவரு. அவரு கம்ப்யூட்டர்ல ஒரு விளம்பரத்த மூடினா ஏழு தொறக்கும். ஏழையும் மூடினா நாப்பத்தொம்பது. காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தேன். மூடுதேன், மூடுதேன், மூடிக்கிட்டே இருக்கேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள எட்டு மவுஸு தேஞ்சு போச்சு. ஒம்பதாவது மவுஸுக்கு லாடம் அடிச்சேன்."

பலவேசம் பேப்பரை இறக்கினார். "மவுஸுக்கு எந்த லாடம்வே அடிப்பேரு?"

"மாட்டு லாடம் பெருசால்லா இருக்கும்? ஆட்டுக்குட்டி லாடம்."

"ஆட்டுக்குட்டிக்கு எவன்வே லாடம் அடிப்பான்?"

"அதான் எங்கயும் கெடைக்கல. ஆர்டர் குடுத்துச் செஞ்சேன்."

"அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது..." என்றாள் பேச்சியக்கா.

"பதறாதீங்க, அக்கா. நாலு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு. லாடம் அடிச்ச மவுஸ வச்சு சி டிரைவ்ல அதை வெரட்டினேன். டி டிரைவுக்கு ஓடுச்சு. அங்கன போனேன். ஈ டிரைவுக்கு ஓடுச்சு. அதுக்கு மேல டிரைவ் இல்ல. போக வழி இல்லாம பிரிண்டருக்குள்ள பாஞ்சிட்டு. நானூறு பக்கம் அடிச்சுது, பூராவும் முடி வளருத எண்ணெய் விளம்பரம். பேப்பர் தீந்த பொறவும் நிக்கல. பக்கத்துல நின்ன கணக்கப்பிள்ளை வேட்டியில அடிச்சுட்டு. நல்ல பிரிண்டு. இன்னைக்கும் துவைச்சா போகல."

இதைச் சொல்லும்போதே அவர் கம்ப்யூட்டரை இயக்கிவிட்டார். திரை எழுந்தது. எழுந்த வேகத்தில் கீழே சிவப்புக் காரும் வந்து நின்றது. அண்ணாச்சி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பிரிண்டர் வயரப் புடுங்கினேன். அதுக்குள்ள அது கரண்டு வழியா நெல்லு அரைக்க மிசினுக்குள்ள போயிட்டு. மூட்டையப் பிரிச்சுப் பாத்தா, ஒவ்வொரு அரிசியிலயும் 'இன்றே வாங்குங்கள்'னு எழுதியிருக்கு."

"அரிசியில எழுதினா கண்ணுக்குத் தெரியுமாவே?"

"தெரியாதுல்லா? அதான் ஆபத்து. தெரியாமப் பொங்கித் தின்னுட்டாக. முதலாளிக்கு மாமனார் ஒருத்தர் இருக்காரு, மகா கருமி. சாப்பிட்டு ஏப்பம் விடுதாரு, 'இந்தச் சலுகை இன்று மட்டும்'ங்காரு. நாலு நாளைக்கு அவரு வாயில வேற பேச்சே வரல. கையெழுத்துப் போடச் சொன்னா 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'ங்காரு. ஊர்ச்சனம் பூராவும் சலுகையக் கேட்டுட்டு அவரு வாசல்ல வரிசையில நின்னுட்டு."

"குடுத்தாரா?"

"அவரு எங்க குடுத்தாரு? அதான் கருமின்னு சொல்லுதேனே."

பேச்சியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஒரு நிமிசம் நான் சொல்லுததக் கேளுங்க. இந்தக் காரு..."

"காருக்குத்தான் வாரேன். மில்லுல மெயின் ஸ்விட்ச அணைச்சேன். அது வெளிய கரண்டு கம்பியில ஏறிட்டு. அது மேல கம்பியில போகுது, நான் கீழ ரோட்டுல மொபெட்டுல போறேன்."

"கம்பிக்குள்ள போறது உமக்கு எப்பிடிவே தெரிஞ்சுது?"

"கம்பியில காக்கா உக்காந்திருக்கும்லா? அது போகப் போக வரிசையா எந்திரிச்சுப் பறக்கும். பறக்கையில 'இலவசம், இலவசம்'னு கத்தும். அதை வச்சுக்கிட்டே பாபநாசம் வரைக்கும் போயிட்டேன். அங்கன டேமுல கரண்டு எடுக்காகல்லா? அந்த வழியா தண்ணிக்குள்ள எறங்கிட்டு. ஷட்டரத் தொறந்தா தண்ணிக்குப் பதிலா விளம்பரம் வருது. ஆத்துல குளிச்சவுக முதுகுல எல்லாம் செருப்புக் கடை விளம்பரம்."

"நான் முப்பது வருசமா தினமும் ஆத்துலதான் குளிக்கேன். என் முதுகுல ஒண்ணும் இல்லையே."

"உம்ம முதுக நீரு பாத்திருக்கேரா?"

பலவேசம் கையைப் பின்னால் விட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"படித்துறையில உக்காந்து யோசிச்சேன். இத்தன வருசமா எல்லாரும் அதை மூடத்தான் பாக்காக. அது கேக்க கேள்விக்கு எவனாவது ஆமான்னு சொல்லியிருக்கானா? 'கார் வேணுமா'ன்னு அது கேட்டுது. 'வேணும்'னேன். அதுக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. 'நூறு காரு வேணும், இப்பமே வேணும், செவப்புல அம்பது வெள்ளையில அம்பது'ன்னேன். அதுகிட்ட ஏது காரு? 'அண்ணாச்சி, நாளைக்குத் தாரேன்'னுது. 'இன்று மட்டும்னு நீதான எழுதியிருந்த'ன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். அழுதுட்டு. விளம்பரம் அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். என்னைய அழிச்சிருங்கன்னு அதுவே எழுதிக் குடுத்துட்டு. நானும் அழிச்சுட்டேன். மூலையில பெருக்கல் குறி ஒண்ணு இருக்குமே, மூடுததுக்கு? அதை மட்டும் நெனப்புக்குப் புடுங்கி வச்சுக்கிட்டேன். இந்தா, இந்த டப்பாவுல இருக்கு."

"தொறந்து காட்டும் பாப்போம்."

"நீரே தொறந்துக்கிடும். ஆனா பெருக்கல் குறில்லா? தொறந்ததும் மூடிக்கிடும்."

பலவேசம் டப்பாவை வாங்கித் திறந்தார். அது ஸ்பிரிங் வைத்த மூடி. திறந்த வேகத்தில் படக்கென்று மூடிக்கொண்டது. அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரைத் தேடி எடுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் அண்ணாச்சியின் கை வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஏற்றியிருந்த புரோகிராம்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, போன மாதம் பதினெட்டாம் தேதி வந்து உட்கார்ந்திருந்த பேர் தெரியாத ஒன்றை நீக்கினார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டையும் எடுத்தார். அறிவிப்பு அனுப்ப எவனுக்கெல்லாம் அனுமதி கொடுத்திருந்ததோ அதையெல்லாம் அடைத்தார். பத்து நிமிஷம் ஆனது, கச்சிதமான வேலை. அதைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை.

"முடிஞ்சுது, அக்கா. காரு போயிட்டு. இனி தலைகீழா நின்னாலும் வராது."

பேச்சியக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அட பாவி மனுசா, உம்ம யாரு எடுக்கச் சொன்னா?"

"எடுக்கத்தான கொண்டாந்தீங்க?"

"காட்டத்தான்வே கொண்டாந்தேன்! அந்தம்மா கண்ணு முன்னால இன்னும் நாலு போட்டோவத் தொறந்து, எல்லாத்துக்கும் கீழ அந்தக் காரு வாரதக் காட்டணும்னு கொண்டாந்தேன். இது விளம்பரம்தான்னு கம்ப்யூட்டர்காரர் உங்க வாயால ஒரு வார்த்த சொல்ல வைக்கலாம்னு கொண்டாந்தேன். வந்ததுலருந்து அதைத்தான சொல்ல வாரேன், விட்டீங்களா?"

"இவரு வாயாலயா?" என்றார் பலவேசம்.

"இப்ப காரு இல்லேன்னா அந்தம்மா என்ன நெனைப்பா? பொண்ணு வீட்டுக்காரன் குடுக்கேன்னு சொல்லிட்டுப் பின்வாங்கிட்டான்னுதான் நெனைப்பா. அந்தப் புள்ள வாழ்க்கை போச்சு." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் பேச்சில்லாமல் நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது. மணி மூன்றரை.

அக்காதான் முதலில் சுதாரித்தாள். "போன மாசம் ஜாதக சாப்ட்வேர் ஏத்திக் குடுத்தீங்கள்லா? அதுக்கு மறுநாள்லருந்துதான் காரு வந்துச்சு. அன்னைக்கு என்ன பண்ணுனீங்களோ, அதையே இப்பவும் பண்ணுங்க."

பதினெட்டாம் தேதிதான் அது. அண்ணாச்சி எதை ஏற்றினாலும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ் என்று அமுக்கிக்கொண்டே போவார். நடுவில் 'இதையும் சேர்த்து ஏற்றலாமா' என்று ஒரு சின்னக் கட்டம் வரும், அதில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டு இருந்தா வேலை ஓடுமா, தம்பி?" என்பார்.

அன்றைக்கும் வாசிக்கவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்.

மூன்றே முக்காலுக்கு முடி வளரும் எண்ணெய் வந்தது. மூன்று ஐம்பதுக்குச் சமையல் சட்டி வந்தது. கார் வரவில்லை. அண்ணாச்சி திரையைப் பார்த்து, "வா ராசா, வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் தங்கப்பழத்தம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் திரையில் முழங்கால் வலித் தைலம் வந்தது.

"எனக்கு முட்டு வலின்னு யாரு பேச்சி இதுகிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லல, மதினி. இந்தா, மொதல்ல பொண்ணப் பாருங்க." அக்கா ஆவுடைச்செல்வியின் போட்டோவைத் திறந்தாள். நாங்கள் மூன்று பேரும் திரையை எட்டிப் பார்த்தோம். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. சிவப்புக் கார் வந்து நின்றது.

"நிக்கில்லா!" என்று தங்கப்பழத்தம்மா தொடையில் தட்டினாள். "அன்னைக்கு நான் பாத்தது பொய்யா? காரு எப்ப வருதாம்?"

அக்கா அந்தப் போட்டோவை மூடிவிட்டு வெயிலுமுத்து போட்டோவைத் திறந்து வைத்தாள். வெயிலுமுத்து கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தான். சற்று நேரத்தில் அவன் காலடியிலும் அதே சிவப்புக் கார் வந்து நின்றது. வாழ்த்துகள், உங்களுக்கு ஒரு கார்.

"அதைத்தான் மதினி பொண்ணு வீட்டுலயும் கேக்காக," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை வீட்டுலருந்து காரு எப்ப வருதாம்? நான் என்ன பதில் சொல்லட்டும்?"

தங்கப்பழத்தம்மா திரையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது விளம்பரம்லா, பேச்சி," என்றாள். "கம்ப்யூட்டர்னா விளம்பரம் வரத்தான் செய்யும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ரெண்டு ஜாதகத்தையும் ரெண்டு ரெண்டு காப்பி போடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். பேச்சியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் உரக்கடைக்காரர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். எதைத் திறந்தாலும் விளம்பரம் வருகிறதாம். அண்ணாச்சி அவரை உட்கார வைத்து மில் கதையைச் சொன்னார், காக்கா கதையைச் சொன்னார், டேம் கதையைச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் பழைய கத. நேத்து நடந்ததக் கேளுங்க. விளம்பரத்த அழிக்கவன் ஊருக்கு நூறு பேரு இருக்கான். அழிச்ச விளம்பரத்த அரை மணி நேரத்துல திரும்பக் கொண்டாந்து, அதை வச்சே ஒரு கல்யாணத்த முடிச்சு வச்சவன் நான் ஒருத்தன்தான்."

உரக்கடைக்காரர் எழுந்து லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அந்த டேம் கதையக்கூட நம்பலாம், அண்ணாச்சி."